ஹாலோவீன் பார்ட்டி: கூட்டத்தின் சின்னக் குழந்தையை மறந்தால் வரும் தவறுகள்

அக்டோபர் பிறந்ததுமே அமெரிக்காவில் கடை வாசல்களில் பரங்கிக்காய் குவிந்துவிடும். பள்ளி நண்பர்கள், பக்கத்து வீட்டார், தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாரையும் ஒரு நாள் ஹாலோவீன் பார்ட்டிக்கு வீட்டுக்கு அழைக்கலாமே என்று தோன்றும். நல்ல எண்ணம்தான். ஆனால் வருகிறவர்களில் 3 வயதுக் குழந்தையும் இருக்கும், 11 வயதுப் பிள்ளையும் இருக்கும். நாமோ பெரிய பிள்ளைகளையும் எடுக்கப்போகும் போட்டோவையும் நினைத்தே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்கிறோம். பார்ட்டியில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. கூட்டத்தில் மிகச் சின்னவர் யார் என்று முதலில் பாருங்கள். அந்தக் குழந்தையின் கை, வாய், தூக்கம் மூன்றுக்கும் சரியாக இருப்பது மற்ற எல்லாருக்கும் சரியாக இருக்கும்.

முதல் தவறு, பார்ட்டியை ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 மாலையிலேயே வைப்பது. அன்று பிள்ளைகளின் மனசு முழுக்க வேடம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவதில் இருக்கும். நியூ ஜெர்சி பக்கம் அன்று 6 மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். அதற்கு முன் கிளம்ப வேண்டும் என்ற அவசரத்தில் கைவேலையில் ஒட்டிய பசையும் காயாது, சாப்பாடும் இறங்காது. முந்தைய சனி, ஞாயிறு பிற்பகல் நல்லது. சில வருடங்களில் தீபாவளியும் பக்கத்தில் வந்துவிடும். 2024-ல் இரண்டும் ஒரே நாள். அப்படிப்பட்ட வருடத்தில் ஒரு வாரம் முன்பே முடித்துவிடுவது வீட்டில் பலகாரம் செய்கிறவர்களுக்கும் நிம்மதி.

அழைப்பில் தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் எழுதுங்கள். நம் வீட்டு விருந்துகள் பேச்சில் நீண்டுகொண்டே போகும், அது இனிமையான பழக்கம். ஆனால் சின்னக் குழந்தைகளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அதே அழைப்பில் உணவு ஒவ்வாமை ஏதும் உண்டா, சைவமா, ஹலாலா என்றும் கேட்டுவிட வேண்டும். வந்த பிறகு கேட்பதில் பயனில்லை.

சாப்பாட்டு மேசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தெரியாமல் நடக்கிற தவறுகள் அங்கேதான் அதிகம்.

சைவக் குடும்பங்கள் பல கவனிக்காமல் விடுவது ஜெலட்டின். மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது அது. மார்ஷ்மெல்லோவில் பேய் பொம்மை, புழு வடிவ கம்மி மிட்டாய்கள், ஜெல்லோவில் மூளை வடிவம் என்று ஹாலோவீன் பலகாரங்களில் பாதி அதை நம்பித்தான் இருக்கின்றன. கடையில் கிடைக்கும், சோள மணி வடிவ மிட்டாயான கேண்டி கார்னிலும் பெரும்பாலும் இருக்கும். முட்டைகூடத் தொடாத வீட்டுப் பிள்ளையின் தட்டில் அது போய்ச் சேருவது நியாயமில்லை. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஜெலட்டின் இல்லாத மார்ஷ்மெல்லோ கடைகளில் கிடைக்கிறது, ஜெல்லியைக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகரில் செய்யலாம்.

அடுத்தது ஒவ்வாமை. அமெரிக்க உணவுச் சட்டம் முக்கிய ஒவ்வாமைப் பொருள்களாக ஒன்பதைச் சொல்கிறது: பால், முட்டை, மீன், இறால் நண்டு வகைகள், முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா. ஒன்பதாவதாக 2023 ஜனவரியில் எள் சேர்ந்தது. முறுக்கிலும் தட்டையிலும் எள், பகோடாவில் முந்திரி, இன்னொரு டப்பாவில் கடலை மிட்டாய் என்று நம் வீட்டுப் பலகாரம் ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்று இருக்கும். அதனால் ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னாலும் என்னென்ன சேர்த்தது என்று ஒரு சீட்டு வையுங்கள். கடை மிட்டாயின் உறையைப் பிரித்துக் கிண்ணத்தில் கொட்டாதீர்கள். ஒரே பெயரில் வரும் சாக்லேட்டாக இருந்தாலும், பெரிய கட்டியிலும் ஹாலோவீனுக்கென்று வரும் குட்டித் துண்டிலும் சேர்மானம் வேறுபடலாம். உறை இருந்தால்தான் பெற்றோர் பார்க்க முடியும். வாசலில் நீலப்பச்சை வண்ணம் பூசிய பரங்கிக்காயைச் சில வீடுகளில் பார்த்திருப்பீர்கள். டென்னசி மாநிலத்தில் 2012-ல் தொடங்கி, 2014 முதல் நாடு முழுக்கப் பரவிய வழக்கம் இது. இந்த வீட்டில் தின்பண்டம் அல்லாத சின்னப் பரிசும் உண்டு என்று அர்த்தம். ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அந்த நிறத்தைப் பார்ப்பதே பெரிய சந்தோஷம். பார்ட்டியிலும் அப்படி ஒரு கூடை வையுங்கள்: ஸ்டிக்கர், பென்சில், குட்டி நோட்டு.

மூச்சுக்குழாயில் அடைக்கும் ஆபத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 4 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பாப்கார்ன், கெட்டி மிட்டாய், முழுக் கொட்டைகள் வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. கண்விழி போலத் தெரிய வைக்கும் முழுத் திராட்சையும் அதே பட்டியலில்தான். அதை நீளவாக்கில் நான்காக வெட்டித்தான் தர வேண்டும். கண்விழி வேண்டுமென்றால் மினி இட்லியின் மேல் ஒரு ஆலிவ் வட்டம் வைத்தால் போதும், பிள்ளைகள் ஆர்வமாக எடுப்பார்கள். தோல் உரித்த ஆரஞ்சின் நடுவில் செலரித் துண்டைச் செருகினால் குட்டிப் பரங்கிக்காய். ஆப்பிளையும் வாழைப்பழத்தையும் முன்கூட்டியே நறுக்கி வைத்தால் கறுத்துவிடும். எலுமிச்சைச் சாறு தடவுங்கள், அல்லது கடைசி நிமிடத்தில் நறுக்குங்கள். சீஸ், முட்டை, இறைச்சி வகைகள் வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பண்ணையில் வாங்கிய ஆப்பிள் சைடரில் (வடிகட்டாத ஆப்பிள் சாறு) பாஸ்டுரைஸ் செய்தது, அதாவது கிருமி போகச் சூடாக்கியது, என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள்.

புகை வருவதற்காகப் பானத்தில் உலர் பனிக்கட்டி (டிரை ஐஸ்) போடுவதை நான் வேண்டவே வேண்டாம் என்பேன். மைனஸ் 78 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்கும் பொருள் அது. தொட்டால் தோல் வெந்துபோகும், துண்டு வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. டெல்லி பக்கத்தில் உள்ள குருகிராமில் 2024 மார்ச்சில் ஓர் உணவகத்தில் வாய்ப் புத்துணர்ச்சிக்கு என்று தவறுதலாக இதைக் கொடுத்து, ஐந்து பேர் ரத்த வாந்தி எடுத்து மருத்துவமனைக்குப் போனார்கள். பெரியவர்களுக்கே அந்தக் கதி என்றால், சின்னக் கைகள் ஓடியாடும் வீட்டில் அதற்கு இடமே இல்லை.

சரி, கைவேலைக்கு வருவோம். இங்கே பொதுவான தவறு, ஒரே நாளில் ஐந்தாறு வேலைகளை அடுக்குவது. இரண்டு போதும். ஒன்று காகிதத் தட்டில் சிலந்தி மாதிரி சுலபமானது, இன்னொன்று பரங்கிக்காய். வெட்ட வேண்டியதையெல்லாம் முதல் நாள் இரவே வெட்டி, ஆளுக்கொரு தட்டில் வைத்துவிடுங்கள். வெள்ளைப் பசை காய ஒரு மணி நேரம்கூட ஆகும். அதனால் ஒட்டும் வேலை முதலில், சாப்பாடு பிறகு. அவசரமென்றால் இருபக்க டேப். சூடான பசையைப் பீய்ச்சும் க்ளூ கன் பெரியவர் கையில் மட்டும் இருக்கட்டும், குறைந்த சூடு என்று எழுதியிருப்பதும் விரலைச் சுடும். உருளும் பிளாஸ்டிக் கண்களுக்குப் பதில் ஸ்டிக்கர் கண்கள். காஸ்ட்யூமுக்கு மேல் ஒரு பழைய டி-ஷர்ட்டைப் போட்டுவிட்டால் பெயின்ட் பற்றிய கவலை இல்லை.

பரங்கிக்காயைச் செதுக்குவது பெரியவர்கள் வேலை. சமையலறைக் கத்தி தடித்த தோலில் மாட்டிக்கொள்ளும், இழுக்கும்போது கையைக் கிழிக்கும். இதற்கென்று விற்கும் சின்ன ரம்பம் பாதுகாப்பானது. மூடியைச் சாய்வாக அறுத்தால் உள்ளே விழாமல் நிற்கும். பத்து நாள் முன்பே செதுக்கி வைத்துவிட்டு, விழா நாளில் பூஞ்சை பிடித்துக் குழைந்து போனதைப் பார்த்துப் பிள்ளைகள் அழுவது வருடா வருடம் நடக்கிறது. இரண்டு மூன்று நாள் முன்பு செதுக்கினால் போதும். அக்டோபரிலும் வெயில் அடிக்கும் டெக்சாஸ், ஃபுளோரிடா பக்கமென்றால் முந்தின நாள்தான். உள்ளே மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்கு வையுங்கள். தரையில் புரளும் காஸ்ட்யூமும் தீயும் பக்கத்தில் வரக் கூடாது.

சின்னவர்களுக்குச் செதுக்குவதைவிட வரைவது பிடிக்கும். துவைத்தால் போகும் பெயின்ட் வழவழப்பான தோலில் காய்ந்ததும் உரிந்து வரும், அக்ரிலிக்தான் நிற்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிகளையும் இந்த மேசையில் உட்கார வையுங்கள். வாசலில் திருஷ்டிப் பூசணி கட்டிப் பழகியவர்களுக்குப் பூசணியில் மீசையும் பல்லும் வரைவதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேரக்குழந்தைகள் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து பார்ப்பார்கள். தோண்டி எடுத்த விதைகளைக் கழுவித் துடைத்து, எண்ணெயும் உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி, ஓவனில் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 15 நிமிடம் வறுத்தால் பெரிய பிள்ளைகளுக்கு அருமையான நொறுக்கு.

முகத்தில் வண்ணம் தீட்டுவதென்றால் தோலுக்கென்றே செய்த பெயின்ட்தான். நச்சில்லாதது என்று கைவேலை பெயின்ட்டில் போட்டிருப்பது முகத்தில் பூசலாம் என்று சொல்வதற்காக இல்லை. முதல் நாள் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பாருங்கள், கண்ணைச் சுற்றி வேண்டாம்.

பயமுறுத்துவதற்கும் அளவு உண்டு. மூன்று நான்கு வயதில் முகமூடிக்குப் பின்னால் இருப்பது அப்பாதான் என்று தெரிந்தாலும் பயம் போகாது. குழந்தையின் கண்ணெதிரிலேயே முகமூடியை மாட்டிக் கழற்றிக் காட்டுங்கள், அதன் கையில் கொடுத்துத் தொடச் சொல்லுங்கள். அப்புறம் சிரிக்கும். இருட்டறை, அலறல் சத்தம் எல்லாம் பெரியவர்களுக்கென்று மாடியிலோ பேஸ்மென்ட்டிலோ தனியாக இருக்கட்டும். விருப்பமில்லாத குழந்தையை உள்ளே தள்ளி வீடியோ எடுப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். கழிப்பறைக் காகிதத்தைச் சுற்றி எகிப்திய மம்மியாக்கும் விளையாட்டில் கழுத்தும் முகமும் விலக்கு.

கிளம்பும்போது பைநிறைய மிட்டாய் கொடுத்து அனுப்ப வேண்டியதில்லை, 31-ஆம் தேதி வாளி வாளியாக வரத்தானே போகிறது. அவர்கள் செய்த சிலந்தியையும் வரைந்த பரங்கிக்காயையும் பெயர் எழுதிக் கொடுங்கள். வீட்டில் நாய் இருந்தால், வாசலை அடைப்பதற்கு முன் சோபா இடுக்கில் சாக்லேட் விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது நாய்களுக்கு விஷம்.