ஜியோதெர்மல் லூப்புக்கு எந்த பம்ப், எப்படி வயரிங்?

மண்ணுக்குள் புதைத்த குழாயில் (அதுதான் லூப்) தண்ணீரைச் சுற்றவிட்டு, அதன் மூலம் வீட்டைச் சூடாக்கவோ குளிர்விக்கவோ செய்யும் மெஷின் ஜியோதெர்மல் ஹீட் பம்ப். வீட்டுக்கு அதைப் போடுகிறவர்கள் குழி தோண்டவும் மெஷின் வாங்கவும் மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். லூப்பில் தண்ணீரைச் சுற்றவிடும் சர்க்குலேட்டிங் பம்ப் விஷயத்தில் மட்டும் "பெருசா ஒண்ணு போட்டுடலாம்" என்று முடித்துவிடுகிறார்கள். அங்கேதான் கரண்ட் பில் ஏறுகிறது, ஏனென்றால் கம்ப்ரஸர் ஓடும் நேரமெல்லாம் இந்த பம்பும் கூடவே ஓடும்.

கிணற்று மோட்டார் வாங்கிப் பழகியவர்கள் முதலில் கேட்பது ஆழம். அதே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றும் மூடிய லூப்பில் ஆழம் கணக்கிலேயே வராது. குழாய் 60 மீட்டர் இறங்கினாலும் 100 மீட்டர் இறங்கினாலும், ஒரு பக்கம் இறங்கும் தண்ணீரின் எடை மறுபக்கம் ஏறும் தண்ணீரைச் சமன் செய்துவிடும். பம்ப் ஜெயிக்க வேண்டியது உராய்வை மட்டும்தான்.

முதலில் எவ்வளவு தண்ணீர் ஓட வேண்டும் என்று பாருங்கள். ஒரு டன்னுக்கு நிமிடத்துக்கு சுமார் 9.5 முதல் 11 லிட்டர் என்பது வழக்கம், 3 டன் மெஷின் என்றால் 30 லிட்டருக்குச் சற்று மேலே. அப்புறம் அந்த ஓட்டத்தில் எவ்வளவு ஹெட் இழப்பு (உராய்வில் போகும் அழுத்தம்) என்று கூட்டுங்கள்: புதைத்த குழாய், வீட்டுக்குள் வரும் மெயின் குழாய், எல்போ, வால்வு, மெஷினுக்குள் தண்ணீர் ஓடும் காயில். காயிலின் இழப்பு மெஷின் மேனுவலிலேயே அட்டவணையாக இருக்கும். லூப் பல கிளைகளாகப் பிரிந்து இணையாக ஓடினால் ஒரு கிளையின் இழப்பை மட்டும் எடுங்கள், எல்லாவற்றையும் கூட்டிவிட்டு இரண்டு மடங்கு பம்ப் வாங்கிவிடாதீர்கள். தண்ணீர் உறையாமலிருக்கக் கிளைக்கால் கலந்திருந்தால் குளிரில் அது கெட்டிப்பட்டு ஓடச் சிரமப்படும், அதனால் கணக்கை லூப் மிகக் குளிர்ந்திருக்கும் நிலைக்குப் போட வேண்டும்.

கிடைத்த இரண்டு எண்களையும் பம்ப் கர்வில் (எந்த ஹெட்டில் எவ்வளவு தண்ணீர் தள்ளும் என்று காட்டும் வரைபடம்) வைத்துப் பாருங்கள், புள்ளி கோட்டின் நடுப்பகுதியில் விழுந்தால் நல்லது. ஹெட் போதவில்லை என்றால் ஒரே மாதிரி பம்ப் இரண்டைத் தொடராக மாட்டலாம், ஹெட் கூடும். கையில் காசு இருந்தால் எலக்ட்ரானிக் மோட்டாரோடு வேகம் மாறும் ஈசிஎம் பம்ப் வாங்குங்கள் என்பேன்; ஓட்டத்தை 20 சதவீதம் குறைத்தால் தேவைப்படும் சக்தி கிட்டத்தட்ட பாதியாகிவிடும்.

மாட்டும்போது ஷாஃப்ட் படுக்கை வாக்கில் இருக்க வேண்டும், மோட்டாரின் சுழலும் பகுதி தண்ணீருக்குள்ளேயே இருக்கும் வெட் ரோட்டர் பம்பில் பேரிங்குக்கு உயவே அந்தத் தண்ணீர்தான். வயர் பெட்டி அடியில் தொங்கக் கூடாது. குளிர்காலத்தில் பம்ப் உடல் முழுக்க வியர்த்துச் சொட்டும், ஒருமுறை அப்படி அடியில் இருந்த பெட்டியைத் திறந்தபோது டெர்மினல் ஸ்குரூ எல்லாம் பச்சை பூத்திருந்தது. பம்பின் இரு பக்கமும் ஐசொலேஷன் வால்வு வையுங்கள், இல்லாவிட்டால் நாளைக்குப் பம்பைக் கழற்ற மொத்த லூப்பையும் காலி செய்ய வேண்டியிருக்கும்.

வயரிங்குக்கு வருவோம். மெயின் பிரேக்கரை அணைத்து, டெஸ்டர் வைத்து உறுதி செய்த பிறகுதான் கை வைக்க வேண்டும். பம்ப் மோட்டார் மெயின் வோல்டேஜில் ஓடுவது, தெர்மோஸ்டாட் பேசுவது 24 வோல்ட்டில். இரண்டுக்கும் நடுவே ஒரு ரிலே, அதாவது சின்ன வோல்டேஜால் இயங்கும் சுவிட்ச். தெர்மோஸ்டாட் கம்ப்ரஸரை ஓடச் சொல்லும்போது ரிலேயின் காயிலும் (கம்பிச்சுருள்) சேர்ந்து இயங்கும், அதன் காண்டாக்ட் (சுவிட்ச் முனை) வழியாக பம்புக்கு மின்சாரம் போகும். பல மெஷின்களில் பம்புக்கென்றே டெர்மினலும் ரிலேயும் உள்ளேயே இருக்கின்றன, அதன் ஆம்பியர் வரம்புக்குள் உங்கள் பம்ப் அடங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு உயிர்க் கம்பியில் 230 வோல்ட் வரும் ஊர்களில் பிரேக்கர் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்க வேண்டும். எர்த் கம்பியை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள்.

இரண்டு ஹீட் பம்புக்கு ஒரே லூப் பம்ப் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி ரிலே போட்டு, காண்டாக்ட்களை மட்டும் இணையாகச் சேர்க்க வேண்டும். இரண்டு மெஷினின் 24 வோல்ட் கம்பிகளை ஒன்றாக முறுக்கினால் ஒரு டிரான்ஸ்பார்மர் மற்றொன்றுக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும்.

ஓட்டிப் பார்க்கும் முன் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இந்தச் சின்ன பம்ப் போதாது, குழாயில் தண்ணீர் வினாடிக்கு 0.6 மீட்டராவது ஓடும்படி பெரிய ஃப்ளஷிங் பம்ப் வைத்துத் தள்ள வேண்டும். பிறகும் பம்புக்குள் சரளைக்கல் உருளுவது மாதிரி சத்தம் கேட்டால் காற்று இன்னும் இருக்கிறது, அப்படியே ஓட விட்டால் பேரிங் போய்விடும்.

சத்தம் அடங்கியதும் லூப்பிலிருந்து வரும் தண்ணீர், திரும்பிப் போகும் தண்ணீர் இரண்டின் வெப்பநிலையையும் அளந்து பாருங்கள். ஹீட்டிங்கில் 3, 4 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் சரி, 7 டிகிரியைத் தாண்டினால் ஓட்டம் போதவில்லை.