சிடியா, ஃபைலா? வீட்டில் பாட்டு கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குடும்பக் கோயிலில் 2005-இல் நடந்த கொடைத் திருவிழாவின் வில்லுப்பாட்டு ஒரு சிடியில் இருந்தது. ஊரில் வீடியோ எடுக்கிறவர் மைக்செட்டிலிருந்து வயர் இழுத்துப் பதிந்து, கம்ப்யூட்டரில் சிடியாக எழுதிக் கொடுத்தது. இத்தனை வருஷமும் அலமாரியில் தூசி படாமல், ஒரு கீறல்கூட விழாமல் இருந்தது. போன ஆனி மாதம் எடுத்துப் போட்டால், பிளேயர் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது. தட்டை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். விளிம்பிலிருந்து உள்ளே ஒரு வெளிறல் பரவியிருந்தது, கட்டன் சாயா சிந்திக் காய்ந்த மாதிரி.

மார்த்தாண்டத்தில் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். அங்கே இருந்த பெரியவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மக்கா, கீறல்னா தேச்சுப் பாக்கலாம். இதுல உள்ள இருக்க சாயமே போயிட்டு. இனி ஒண்ணும் எடுக்க முடியாது" என்றார். அன்றைக்குப் பாடிய புலவர் இப்போது உயிரோடு இல்லை.

சிடி வாங்குவதா, ஃபைலாக வைத்துக்கொள்வதா என்று கேட்பவர்கள் எல்லோரும் எதில் சத்தம் நன்றாக இருக்கும் என்றே தொடங்குகிறார்கள். அதை அப்புறம் பார்க்கலாம். இது கெட்டுப்போனால் மறுபடி கிடைக்குமா என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. இந்தக் கேள்வியைக் கேட்காததால்தான் கீழே சொல்லும் தவறுகளில் பாதி நடக்கிறது.

மின்னுகிற தட்டெல்லாம் ஒன்று என்று நினைப்பது

நம் வீடுகளில் 'சிடி' என்று சொல்வதில் மூன்று வகை கலந்து கிடக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

முதலாவது, கம்பெனி அச்சடித்து விற்ற ஆடியோ சிடி. 1982-இல் சோனியும் பிலிப்ஸும் கொண்டுவந்தது. அடியில் 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள பாலிகார்பனேட் பிளாஸ்டிக், அதன் மேல் மெல்லிய அலுமினியப் படலம், அதற்கு மேல் ஒரு பூச்சு, அதன் மேல் லேபிள். பாட்டு பிளாஸ்டிக்கிலேயே சிறு சிறு குழிகளாக அச்சாகியிருக்கும். ஒழுங்காக வைத்திருந்தால் பல பத்து வருஷம் நிற்கும்.

இரண்டாவது, கம்ப்யூட்டரில் எழுதிய சிடி. இதில் குழி எதுவும் கிடையாது. உள்ளே பூசிய சாயத்தை லேசர் சுட்டு அடையாளம் வைக்கிறது. அந்தச் சாயம் வெயிலுக்கும் சூட்டுக்கும் ஈரத்துக்கும் மெல்ல மெல்ல வெளிறும். அடிப்பக்கத்தைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம்: அச்சடித்தது சுத்த வெள்ளி நிறம், எழுதியது பெரும்பாலும் பச்சையோ நீலமோ கலந்தது. கோயில் கொடை, கல்யாண வீடு, சர்ச் கொயர், பள்ளி ஆண்டுவிழா என்று மறுபடி கிடைக்காத எல்லாமே நம் வீடுகளில் இந்த இரண்டாவது வகையில்தான் இருக்கிறது. விலை கொடுத்தால் மறுபடி கிடைக்கும் சினிமாப் பாட்டு உறுதியான தட்டில் இருக்க, போனால் வராதது பலவீனமான தட்டில் இருக்கிறது.

மூன்றாவது, 2000-களில் எல்லா ஊரிலும் விற்ற எம்பி3 சிடி. 'ஒரே சிடியில் 150 பாட்டு' என்று மேலே போட்டிருக்கும். ஆடியோ சிடியில் ஒரு நிமிஷப் பாட்டுக்குச் சுமார் 10 எம்பி இடம் வேண்டும். இதில் 128 கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு 128 கிலோபிட் அளவுக்குச் சுருக்கி ஒரு நிமிஷத்தை 1 எம்பிக்குள் அடைத்துவிடுவார்கள். ஜால்ரா சத்தம் கலங்கலாகக் கேட்பதும், பாடகர் நிறுத்தியதும் தொடரும் எதிரொலி சட்டென்று அறுந்துபோவதும் அதனால்தான். தட்டில் இருந்தாலும் இது சுருக்கிய ஃபைலே. இதை வைத்துக்கொண்டு, சிடியைவிட போனில் நன்றாகக் கேட்கிறது என்று முடிவு கட்டியவர்கள் நிறைய பேர். சிடியின் மேல் பழி போடுவது நியாயமே இல்லை.

இதையொட்டி இன்னொரு தவறு, எம்பி3 பாட்டை ஃபிளாக்காக மாற்றி வைத்துக்கொள்வது. ஃபிளாக் என்பது பாட்டில் ஒரு துளியும் இழக்காமல், ஏறக்குறைய பாதி அளவுக்கு மடித்து வைக்கும் முறை. சிடியிலிருந்து நேராக எடுத்தால் பலன் உண்டு. ஏற்கெனவே சுருக்கியதை மாற்றினால் இடம்தான் போகும், போன சத்தம் திரும்பாது.

பாடுகிறது, அதனால் நன்றாக இருக்கிறது என்று நம்புவது

என் சிடி விஷயத்தில் நடந்தது இதுதான். சிடியில் பிழை திருத்தும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரு இடம் கெட்டால், மற்ற இடங்களில் சிதறி வைத்திருக்கும் தகவலைக் கொண்டு பிளேயர் அதைச் சரிசெய்துகொள்ளும். முடியாத இடத்தில் முன்னும் பின்னும் பார்த்து இட்டு நிரப்பிவிடும். நம் காதுக்கு ஒன்றும் தெரியாது. திருத்த முடிகிற எல்லை தாண்டியதும் ஒரு நாள் திடீரென்று நின்றுவிடும். கேசட் மாதிரி மெதுவாகத் தேய்ந்து எச்சரிக்கை கொடுக்காது.

அதனால், நன்றாகப் பாடும்போதே நகல் எடுக்க வேண்டும். இப்போதைய லேப்டாப்களில் சிடி டிரைவ் இருப்பதில்லை. யுஎஸ்பியில் மாட்டும் வெளி டிரைவ் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அல்லது பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் உறவினர் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரலாம். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருள் சந்தேகமான இடங்களைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்து, எங்கே பிழை இருந்தது என்று சொல்லிவிடும். ஆடியோ சிடி என்றால் ஃபிளாக்கில் எடுங்கள். ஒரு மணி நேர ஆல்பம் 300 முதல் 400 எம்பி வரும். 500 சிடி இருந்தாலும் ஏறக்குறைய 200 ஜிபியில் அடங்கிவிடும். எடுக்கும்போதே பெயர் எழுதிவிடுங்கள். எந்தக் கோயில், எந்த வருஷம், பாடியது யார் என்று எதுவும் இல்லாமல் 'டிராக் 07' என்று கிடந்தால், பத்து வருஷம் கழித்து அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

நம் ஊர்க் காற்றை மறந்துவிட்டு வைப்பது

குமரி மாவட்டத்தில் ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. குளச்சல், முட்டம், மணக்குடி பக்கம் என்றால் உப்புக்காற்று வேறு. குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வீடு என்றால் சுவரே காய்வதில்லை. வறண்ட ஊரில் இருப்பவர் சொல்லும் பராமரிப்பு முறை இங்கே போதாது.

வெளிச்சுவரை ஒட்டிய ஸ்டீல் அலமாரியின் கீழ்த்தட்டு, இசைத்தட்டு வைக்க மிக மோசமான இடம். மழை நாளில் அந்தச் சுவரைத் தொட்டாலே ஈரம் தெரியும். உள்சுவர் பக்கம், இடுப்பு உயரத்துக்கு மேல், வெயில் நேராக விழாத இடத்தில் வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடி போட்ட டப்பா நல்லது. ஆனால் பொட்டலத்தை அவ்வப்போது மாற்றாமல் விட்டால் அது உறிஞ்சிய ஈரத்தோடு சும்மா கிடக்கும்.

அப்புறம், பலரும் அடிப்பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்துவிட்டு மேல்பக்கத்தை அலட்சியம் செய்கிறார்கள். பாட்டு இருக்கும் படலம் லேபிளுக்கு அடியிலேயே இருக்கிறது. அடியில் விழும் கீறல் பிளாஸ்டிக்கோடு நின்றுவிடும், பாலிஷ் போட்டு மீட்க வாய்ப்பு உண்டு. மேலே பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலோ ஸ்டிக்கர் ஒட்டி உரித்தாலோ படலமே போய்விடும், அதற்கு வைத்தியம் கிடையாது. துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுங்கள். பாட்டு வட்டமாக ஓடுவதால், வட்டமாக விழும் கீறல் ஒரே இடத்தில் தொடர்ச்சியாக நிறையத் தகவலை மறைத்துவிடும்.

நகல் எடுத்ததும் தட்டைத் தூக்கிப் போடுவது

எடைக்குப் போடுகிறார்கள், கொய்யா மரத்தில் கட்டிக் கிளி விரட்டுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஃபைல் ஒரே பென்டிரைவில் இருந்தால் நீங்கள் ஆபத்தைக் குறைக்கவில்லை, இடம் மாற்றியிருக்கிறீர்கள். பென்டிரைவ் எடுத்துப் போக நல்லது, வருஷக்கணக்கில் பாதுகாக்க நல்லதல்ல. ஹார்ட் டிஸ்க் ஒன்று, வேறொரு வீட்டில் இன்னொரு ஹார்ட் டிஸ்க், அதோடு பழைய தட்டு. இவ்வளவு இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். 'வேறொரு வீடு' என்பதை அழுத்திச் சொல்கிறேன். மழையில் கூரை ஒழுகினால் ஒரே அலமாரியில் இருக்கும் மூன்று நகலும் சேர்ந்தே நனையும்.

ஆப்பில் டவுன்லோடு செய்ததைச் சொந்தம் என்று எண்ணுவது

மாதச் சந்தா கட்டிக் கேட்கும் ஆப்பில் டவுன்லோடு என்று வருவது, அந்த ஆப்புக்குள் மட்டும் திறக்கும் பூட்டிய ஃபைல். சந்தா நின்றால் அதுவும் நிற்கும். உரிமை ஒப்பந்தம் முடிந்தால் பட்டியலிலிருந்து பாட்டே காணாமல் போகும். புதுப் பாட்டைக் கேட்டுப் பார்க்க ஆப்பைப் போல வசதி வேறு இல்லை, நானும் தினமும் கேட்கிறேன். ஆனால் நேசிக்கும் பாட்டு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்த பிறகு நம் மாவட்டத்தில் பல இடங்களில் நாள்கணக்கில் கரன்டும் இல்லை, சிக்னலும் இல்லை. அந்த இருட்டில் வீட்டில் பாடியது பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ஸ்பீக்கரும் அதில் செருகிய பென்டிரைவும்தான். பக்கத்து வீட்டுக்காரர்களும் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள்.

சத்தத்தை ஒப்பிடும் விதம்

இப்போது சத்தத்துக்கு வரலாம். ஒரே பாட்டின் பழைய சிடியையும் ஆப்பில் வரும் 'ரீமாஸ்டர்' வடிவத்தையும் (பழைய பதிவை மறுபடி மெருகேற்றியது) மாற்றி மாற்றிக் கேட்டு, எது பெரிதாகக் கேட்கிறதோ அதையே நல்லது என்று சொல்லிவிடுகிறோம். சத்தம் கொஞ்சம் கூடினாலே காது அதைத் தெளிவு என்று எடுத்துக்கொள்ளும். ரீமாஸ்டரில் மெல்லிய இடத்தையும் பலத்த இடத்தையும் ஒரே உயரத்துக்குத் தூக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. வால்யூமைச் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். பழைய சிடி ஜெயிக்கும் இடங்கள் நிறைய உண்டு.

சிடி சத்தத்தை நொடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொன்றையும் 16 பிட் எண்ணாக எழுதுகிறது. இந்த 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவிலேயே 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வரை, அதாவது நொடிக்கு 20,000 அதிர்வைத் தாண்டும் கீச்சுச் சத்தம் வரை பதியும். மனிதக் காதுக்கு எல்லையே அவ்வளவுதான், வயதாக ஆக அதுவும் குறையும். அதனால் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று எண்ணைப் பார்த்துக் காசு செலவழிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஃபைலை வாங்கி சாதாரண புளூடூத் ஸ்பீக்கரில் கேட்டால் அது வழியில் மறுபடி சுருக்கப்படுகிறது. ஒரு வயர் போட்டாலே வித்தியாசம் தெரியும். டைல்ஸ் தரையும் வெறும் கான்கிரீட் சுவருமாக இருக்கும் அறையில் ஒரு பாய் விரித்து, கனமான திரை போட்டு, ஸ்பீக்கரை மூலையிலிருந்து ஓரடி நகர்த்திப் பாருங்கள். சிடிக்கும் ஃபிளாக்குக்கும் இடையில் தேடும் வித்தியாசத்தைவிட அது பெரிதாக இருக்கும்.

கறுப்புத் தட்டு ஆசை

எல்பி, அதாவது ஊசி வைத்துக் கேட்கும் கறுப்பு இசைத்தட்டு, மறுபடி வந்திருக்கிறது, எனக்கும் அதன் மேல் பிரியம் உண்டு. ஆனால் வாங்கும் முன் இரண்டு விஷயம். ஊசியிலிருந்து வரும் மின்சாரம் சில மில்லிவோல்ட் மட்டுமே. அதைப் பெரிதாக்கி பேஸையும் சரிசெய்யும் ஃபோனோ பிரீஆம்ப் இல்லாமல் ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸில் செருகினால் சத்தம் ஈனமாக, பேஸ் இல்லாமல் வரும். பிளேயர் கெட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. இரண்டாவது, தாத்தா காலத்து, நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டை எல்பி என்று நினைத்துவிடக் கூடாது. அது அரக்கால் செய்தது. பூசணம் துடைக்க ஸ்பிரிட் போட்டால் தட்டே கரைந்துவிடும். அதன் பள்ளம் அகலம், ஊசியும் வேறு.

கொடைப் பாட்டுக்கு வருகிறேன். தக்கலையில் சித்தி வீட்டுப் பரணில் ஒரு கேசட் கிடைத்தது. அதே 2005 கொடையில், கூட்டத்துக்கு நடுவில் டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துப் பதிந்தது. நாடா ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. பூத்த நாடாவை அப்படியே ஓடவிட்டால் பூசணம் டேப்பின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். விவரம் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்து, சுத்தம் செய்து, ஒரே தடவை ஓடவிட்டு ஃபிளாக்கில் எடுத்தோம். மைக்செட்டில் எடுத்த தெளிவு இதில் இல்லை. உடுக்கையைவிடப் பக்கத்தில் ஒரு குழந்தையின் அழுகை, சித்தியின் வளையல் சத்தம், நடுவில் யாரோ "தண்ணி தா பிள்ளே" என்று கேட்பது, எல்லாம் இருக்கிறது. புலவர் குரல் இருக்கிறது. ஒரு நகல் எங்கள் வீட்டில், ஒன்று திருவனந்தபுரத்தில் தங்கச்சி வீட்டில், ஒன்று துபாயில் இருக்கும் மாமா மகனிடம். கேசட்டைத் திரும்பச் சித்தியிடமே கொடுத்துவிட்டேன், இந்தத் தடவை டப்பாவில் போட்டு.