பெங்களூரில் இறங்கி ஊருக்குக் காரில் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து வந்து பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்தே காரில் சேலமோ திருச்சியோ மதுரையோ போகத் திட்டமிடும் சொந்தக்காரர்கள் பெங்களூர் அல்சூரில் இருக்கும் எங்களிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "மேப் போட்டுக்கிட்டுப் போனா போதும்தானே?" ஓட்டுவதற்குப் போதும். திட்டம் போடுவதற்குப் போதாது. சாட்நேவ், அதாவது வழிசொல்லும் கருவி, அடுத்த திருப்பத்தைச் சொல்லும். நடுவில் காடு இருக்கிறதா, மலை இருக்கிறதா, ராத்திரி ஒன்பது மணிக்குமேல் கேட் போடுவார்களா என்பதை நாம்தான் முன்கூட்டிப் பார்த்துவைக்க வேண்டும்.

அதனால் புறப்படும் வாரத்தில் ஒருநாள், போனில் இல்லாமல் கணினியின் பெரிய திரையில் வரைபடத்தைத் திறந்து, வழி கேட்காமல் சும்மா சாலையைப் பாருங்கள். அப்பாவின் அலமாரியில் பழைய டிடிகே ரோடு அட்லஸ் கிடந்தால் அதுவும் நல்லதுதான். எண்கள் மட்டும் மாறிவிட்டன: அதில் 7 என்று போட்டிருக்கும் நெடுஞ்சாலைதான் இன்றைக்கு 44. ஊர்களை வரிசையாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர், சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை. இந்த வரிசை மனதில் இருந்தால் போன் அணைந்தாலும் பெயர்ப்பலகையைப் பார்த்தே போய்விடலாம். முக்கியமான பிரிவு கிருஷ்ணகிரிதான். வேலூர், சென்னை போகிறவர்கள் அங்கே 48ஆம் எண் நெடுஞ்சாலையில் பிரிந்துவிடுவார்கள். திருச்சிக்காரர்கள் நாமக்கல்லில் பிரிந்து தொட்டியம், முசிறி வழியாகப் போகலாம்.

தொப்பூரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது அந்தக் கணவாயில் சாலை நீளமாகச் சரிந்து இறங்கும். பாரம் ஏற்றிய லாரிகளுக்கு பிரேக் பிடிக்காமல் போய் விபத்தாவது அங்கே அடிக்கடி நடப்பது. மேப்பில் அது மற்றச் சாலை மாதிரியே ஒரு நீலக் கோடு. வெளிச்சத்தில் கடக்கிற மாதிரி நேரத்தை வைத்துக்கொண்டு, முன்னால் போகும் லாரியிடமிருந்து தள்ளியே வாருங்கள்.

கோயம்புத்தூர் போகிறவர்களுக்குத்தான் உண்மையான குழப்பம். சேலம், பெருந்துறை, அவிநாசி என்று நான்குவழிச் சாலையில் போவது ஒன்று. கொள்ளேகால், ஆசனூர், திம்பம், சத்தியமங்கலம் என்று காட்டுக்குள் போவது இன்னொன்று. இரண்டாவது தூரம் குறைவு என்பதால் போன் அதையும் ஆசை காட்டும். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள், சுற்றிலும் புலிகள் காப்பகம், இரவில் போக்குவரத்துத் தடை. பகலில் அழகான வழிதான், மறுக்கவில்லை. வயதானவர்களோடும் நான்கு பெட்டியோடும் பன்னிரண்டு மணி நேரம் பறந்து வந்த கையோடு போகிற வழி இல்லை. பந்திப்பூர் வழியாக ஊட்டி போவதற்கும் இதே கதை: 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை காட்டுச்சாலை மூடப்படுகிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இணையத்தில் எடுக்கும் இ-பாஸ் வேண்டும். மேப் அதைக் கேட்காது, செக்போஸ்ட் கேட்கும்.

2024 ஜனவரியில் ஊட்டியிலிருந்து கர்நாடகத்துக்குத் திரும்பிய ஒரு குழு, மேப் காட்டிய வழியே போய்க் கூடலூரில் காரைப் படிக்கட்டில் இறக்கிவிட்டது. ஊர்க்காரர்களும் போலீசும் சேர்ந்துதான் வண்டியை மீட்டார்கள். அது சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் மேப்பை நம்பி உடைந்த பாலத்தில் ஏறிய கார் ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். ஆள் நடமாட்டமே இல்லாத சாலைக்குள் போன் கூட்டிப்போனால் நிறுத்தி, டீக்கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பெங்களூருக்குள் வேறு மாதிரிச் சிக்கல். விமான நிலையம் வடக்கில், ஓசூர் ரோடு தெற்கில். நடுவில் ஊர் முழுக்க இருக்கிறது. விடிவதற்குள் இறங்கினால் ஹெப்பாள், சில்க் போர்டு வழியாகவே போய்விடலாம். காலை எட்டு மணிக்குமேல் என்றால் ஊருக்குள் நுழையாமல் ஹொஸ்கோட்டே, மாலூர் வழியாக ஓசூர் பிடிக்க முடியுமா என்று டிரைவரைக் கேளுங்கள். சில்க் போர்டு தாண்டியதும் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் வரும். வண்டி மேலே போகிறதா கீழே போகிறதா என்பது ஜிபிஎஸ்ஸுக்குச் சரியாகத் தெரியாது. மேம்பாலத்தில் ஏறச் சொல்லும் அறிவிப்பு 2024இல் மேப்பில் வந்தபிறகும் சிலசமயம் பேச்சு தாமதமாகத்தான் வருகிறது. ஓசூர் போகிறவர்கள் பலகையைப் பார்த்து முன்னாலேயே முடிவெடுங்கள். மேலே ஏறினால் டோல் உண்டு, சிக்னல் கிடையாது.

முகவரி இன்னொரு கூத்து. ஐந்தாவது கிராஸ், மூன்றாவது மெயின் என்ற தெருப்பெயர் பெங்களூரில் பேட்டைக்குப் பேட்டை உண்டு. லேஅவுட் பெயரும் பின்கோடும் இல்லாமல் தேடினால் ஊரின் மறுகோடியில் நிற்பீர்கள். கிராமத்துக்கும் அப்படித்தான். புதுப்பட்டி, புதூர் எல்லாம் தமிழ்நாட்டில் எத்தனையோ. தாலுகா பெயரைச் சேர்த்துத் தேடுங்கள். லோகேஷன் அனுப்பச் சொன்னால், வீட்டு வாசலில் நின்று அனுப்பச் சொல்லுங்கள். அத்தை மகன் கடையில் உட்கார்ந்தபடி அனுப்பினால் அது கடைக்குத்தான் கூட்டிப்போகும்.

சாதனம் பற்றி. வெளிநாட்டில் உங்கள் காரில் மாட்டும் சாட்நேவைக் கொண்டுவருவதில் பெரிய பலன் இல்லை. இந்திய வரைபடம் தனியாக ஏற்ற வேண்டும், நெரிசலும் காட்டாது. போனே போதும், போகும் வழிக்கான வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கிவைத்தால். காட்டுக்குள் டவர் கிடைக்காது, ஆனால் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஒரு எச்சரிக்கை: மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியையும் சாட்டிலைட் போனையும் அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குக் கொண்டுவருவது குற்றம். விமான நிலையத்திலேயே வெளிநாட்டவர்களைப் பிடித்து வழக்குப் போட்டிருக்கிறார்கள். வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

நீங்களே ஓட்டுவதாக இருந்தால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை உங்கள் நாட்டிலேயே எடுத்துவர வேண்டும். வாடகை வண்டியில் பாஸ்டேக் (டோலைத் தானாகக் கழிக்கக் கண்ணாடியில் ஒட்டும் அட்டை) இருக்கிறதா, அதில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் டோல்கேட்டில் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும்: 2025 நவம்பரில் வந்த விதிப்படி ரொக்கத்துக்கு இரண்டு மடங்கு, யுபிஐக்கு ஒன்றேகால் மடங்கு. டிரைவரோடு போனால் ஒருநாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர் கணக்கு, பேட்டா எவ்வளவு, டோலும் பர்மிட்டும் யார் பொறுப்பு என்று கிளம்புவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

நேரக் கணக்கு: மதுரைக்கு மேப் ஏழு மணி நேரம் என்றால் டிபன், டீ, டோல் எல்லாம் சேர்த்து ஒன்பது என்று வையுங்கள். அப்புறம், நெடுஞ்சாலையை விட்டு ஊர்ச் சாலையில் இறங்கியதும் மேப்பை அணைத்துவிட்டு, மாமாவுக்குப் போன் போட்டு டிரைவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஆலமரத்தில் இடது, ரேஷன் கடையில் வலது என்று அவர்கள் இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள்.