கடவுச்சொல் கொடுத்த பிறகும் காத்திருக்க வைக்கும் கணினி: ஸ்டார்ட்அப் புரோகிராம்களைக் குறைக்கும் வழி

கணினி திறக்க நேரமாகிறது என்று சொல்லும்போது அதற்குள் மூன்று தனித்தனிக் காத்திருப்புகள் இருக்கின்றன. பவர் பொத்தானை அழுத்தியதும் தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் திரையில் நிற்கும் நேரம் முதலாவது. அது மதர்போர்டில் உள்ள, விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளின் வேலை. அதன்பின் விண்டோஸ் ஏறிக் கடவுச்சொல் கேட்கும் திரை வரும்வரை இரண்டாவது. டெஸ்க்டாப் தெரிந்த பிறகும் வட்டம் சுழன்றுகொண்டே இருக்க, எதைச் சொடுக்கினாலும் திறக்காமல் நிற்பது மூன்றாவது. தானாகத் திறக்கும் புரோகிராம்களை நிறுத்தினால் பெரும்பாலும் குறைவது இந்த மூன்றாவது நேரம்தான். நேரம் எங்கே போகிறது என்று பார்க்காமல் கண்ணில் பட்டதையெல்லாம் நிறுத்தினால் பலன் இருக்காது, சில சமயம் வேண்டியதும் நின்றுபோகும்.

கீழே உள்ளவை விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில் அளந்து பாருங்கள்

கைபேசியின் ஸ்டாப்வாட்ச் போதும். கணினியை ரீஸ்டார்ட் செய்து, மேலே சொன்ன மூன்று நேரங்களையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்து அளக்காதீர்கள். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் கெர்னல் எனும் மையப் பகுதி டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே எடுத்து வைக்கப்படும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் அடியிலிருந்து தொடங்கும். ஒரு நாள் ஷட் டவுனிலும் மறுநாள் ரீஸ்டார்ட்டிலும் அளந்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது.

மூன்றாவது நேரம் எப்போது முடிகிறது என்பதை டாஸ்க் மேனேஜரில் பார்க்கலாம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க், சிபியு இரண்டின் வரைபடமும் இறங்கி அமைதியாகும் கணம்தான் கணினி உண்மையில் தயாராகும் கணம். ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய மடிக்கணினிகளில் டெஸ்க்டாப் வந்து சில நிமிடங்கள் வரை டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்பதைப் பார்க்கலாம்.

இன்னும் துல்லியமாக வேண்டுமானால், கணினியில் நடப்பவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவண்ட் வியூவரை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், அதற்குள் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ், ஆபரேஷனல் என்று வரிசையாக உள்ளே போங்கள். ஈவண்ட் ஐடி 100 என்ற பதிவில் கணினி தொடங்க எடுத்த நேரம் மில்லி நொடியில் இருக்கும். ஈவண்ட் ஐடி 101 பதிவுகள் இருந்தால் தவறாமல் படியுங்கள். வழக்கத்தைவிடத் தாமதமாகித் தொடக்கத்தை இழுத்தடித்த புரோகிராம் எது என்று அவை பெயரோடு சொல்லும்.

டாஸ்க் மேனேஜரில் செய்ய வேண்டியது

ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பகுதிக்குப் போங்கள். விண்டோஸ் 10-இல் இது ஸ்டார்ட்அப் என்ற பெயரில் மேலே இருக்கும். வலப்பக்க மூலையில் லாஸ்ட் பயாஸ் டைம் என்று ஓர் எண் தெரியலாம். சின்னம் தெரிந்த அந்த முதல் காத்திருப்புக்கான நேரம் இது. இருபது, முப்பது நொடி காட்டினால் அந்த நொடிகளுக்கும் புரோகிராம்களுக்கும் சம்பந்தமில்லை. செருகியபடியே விட்ட பென் டிரைவ்களைக் கழற்றுங்கள். பயாஸின் பூட் வரிசையில் (எதிலிருந்து தொடங்குவது என்ற வரிசை) நெட்வொர்க் பூட் முதலில் இருந்தால் கீழே இறக்கிவிட்டு, விண்டோஸ் உள்ள டிஸ்க்கை முதலில் வையுங்கள்.

பட்டியலில் ஸ்டார்ட்அப் இம்பாக்ட் என்ற பத்தி இருக்கிறது. பலர் இதைத் தோராயமான மதிப்பீடு என்று நினைக்கிறார்கள். அதற்குத் திட்டமான கணக்கு உண்டு. தொடக்கத்தின்போது 1 நொடிக்கு மேல் சிபியு நேரத்தையோ, 3 எம்பிக்கு மேல் டிஸ்க்கையோ பயன்படுத்தினால் ஹை. 300 மில்லி நொடிக்கும் 300 கேபிக்கும் கீழே இருந்தால் லோ. இடைப்பட்டவை மீடியம். இதில் கவனிக்க வேண்டியது, 3 எம்பிக்குச் சற்று மேல் எடுத்த புரோகிராமும் 150 எம்பி எடுத்த புரோகிராமும் ஒரே ஹை என்ற பெயரில்தான் நிற்கும். ஆகவே பத்தித் தலைப்பில் ரைட் கிளிக் செய்து, டிஸ்க் ஐஓ அட் ஸ்டார்ட்அப், சிபியு அட் ஸ்டார்ட்அப், புரோகிராமின் கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் கமாண்ட் லைன் மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க் பத்தியைச் சொடுக்கிப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினால் உண்மையான சுமை யாருடையது என்று தெரிந்துவிடும். பட்டியலில் இருபது பெயர் இருந்தாலும், மேலே வரும் நான்கைந்துதான் பெரும்பாலான நேரத்தைத் தின்பவை. நாட் மெஷர்ட் என்று இருந்தால் அந்தப் புரோகிராம் இன்னும் அளக்கப்படவில்லை என்று மட்டும் பொருள்.

வேண்டாததன் மேல் ரைட் கிளிக் செய்து டிசேபிள் கொடுங்கள். இது புரோகிராமை நீக்குவதில்லை. தானாகத் திறப்பதை மட்டும் நிறுத்துகிறது. ஐகானைச் சொடுக்கினால் எப்போதும்போல் திறக்கும். பிறகு வேண்டுமென்றால் அதே இடத்தில் எனேபிள் கொடுக்கலாம். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் நிறுத்தாமல் மூன்று நான்காக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, ஒரு நாள் வேலை செய்து பாருங்கள். அப்போதுதான் ஏதாவது நின்றுபோனால் காரணம் எதுவென்று தெரியும்.

எது வேண்டும், எது வேண்டாம்

ஒவ்வொரு பெயரைப் பார்க்கும்போதும் ஒரு கேள்வி போதும்: நான் திறக்காமலே இது பின்னணியில் ஓடினால்தான் என் வேலை நடக்குமா? ஜூம், ஸ்பாட்டிஃபை, ஸ்டீம், டீம்ஸ், வாட்ஸ்அப், அடோபியின் துணைப் புரோகிராம்கள், பிரின்டர் நிறுவனங்களின் மை அளவு காட்டும் ஐகான் போன்றவற்றுக்குப் பெரும்பாலானோர் இல்லை என்றுதான் சொல்வார்கள். பிரின்டரின் டிரைவர் வேறு, ஸ்டார்ட்அப்பில் உட்கார்ந்திருக்கும் அதன் துணைப் புரோகிராம் வேறு. துணையை நிறுத்தினாலும் அச்சு வரும். ஸ்கேனர் பொத்தானை அழுத்தினால் கணினியில் தானாகத் திறப்பது போன்ற வசதிகள் மட்டும் நின்றுபோகலாம்.

விண்டோஸ் செக்யூரிட்டி ஐகான், ஆன்டிவைரஸ், ஒலிக்கான ரியல்டெக், டச்பேடுக்கான சினாப்டிக்ஸ் அல்லது ஈலான், மடிக்கணினியின் எஃப்என் விசைகளுக்கான புரோகிராம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். இவற்றின் சுமை பெரும்பாலும் குறைவு. நிறுத்தினால் இரண்டு விரலால் நகர்த்துவது, ஒளி அளவை மாற்றும் விசை போன்றவை செத்துப்போகலாம். கணினியோடு வந்து காலாவதியான ஆன்டிவைரஸை டிசேபிள் செய்வதில் பயனில்லை, அன்இன்ஸ்டால் செய்யுங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே நேரத்தில் இயங்கினால் ஒவ்வொரு கோப்பையும் இரண்டும் சோதிக்கும். ஒன்று போக வேண்டும்.

கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் மைக்ரோசாஃப்ட்டின் ஒன்டிரைவ் யோசித்து முடிவெடுக்க வேண்டிய ஒன்று. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்கள் அதன் பேக்கப்பில் இருந்தால், ஸ்டார்ட்அப்பில் நிறுத்திய நாளிலிருந்து நீங்கள் கையால் திறக்கும்வரை எதுவும் மேலே ஏறாது. பேக்கப் நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பது ஆபத்து. பயன்படுத்துகிறவர்கள் விட்டுவிடுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை, அழகி போன்றவற்றைப் பட்டியலில் பார்ப்பீர்கள். இவை மிகச் சிறியவை, நிறுத்தினால் கிடைக்கும் லாபம் ஒன்றுமில்லை. மறுநாள் விசையை மாற்றினால் தமிழ் வராதபோதுதான் ஞாபகம் வரும். விண்டோஸிலேயே உள்ள தமிழ் 99 அல்லது ஃபொனெட்டிக் விசைப்பலகைக்கு மாறிவிட்டவர்கள் மட்டும் அவற்றை நிறுத்தலாம்.

கடை, தணிக்கை அலுவலகம், இ-சேவை மையம் ஆகியவற்றின் கணினிகளில் கூடுதல் கவனம் வேண்டும். பல கணினிகள் டாலி என்ற கணக்கு மென்பொருளின் ஒரே லைசென்ஸைப் பகிரும் இடத்தில், சர்வர் கணினியில் டாலி கேட்வே சர்வர் நின்றால் மற்ற கணினிகளுக்கு லைசென்ஸ் கிடைக்காது. ஆதார் கைரேகைக் கருவியை இணையப் பக்கத்தோடு இணைக்கும் ஆர்டி சர்வீஸ் நின்றால் இணையப் பக்கம் கருவியே இல்லை என்று சொல்லும். டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் புரோகிராமை நிறுத்தினால் டெண்டர், ஜிஎஸ்டி தளங்களில் சான்றிதழ் தெரியாமல் போகலாம். இந்த மூன்றில் எது இருந்தாலும் அந்தக் கணினியில் கமாண்ட் லைன் பத்தியைப் படித்து, இன்னதென்று தெரிந்த பிறகே கை வையுங்கள்.

நிறுத்தியும் திரும்பி வருபவை

சில புரோகிராம்கள் அடுத்த அப்டேட்டின்போது தம்மை மறுபடி சேர்த்துக்கொள்ளும். அவற்றின் சொந்த செட்டிங்ஸிலேயே நிறுத்துவதுதான் நிலையான வழி. ஜூம், ஸ்பாட்டிஃபை, வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் விண்டோஸ் தொடங்கும்போது திறக்கட்டுமா என்ற தேர்வு உண்டு. குரோமின் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில், குரோமை மூடிய பிறகும் பின்னணி ஆப்கள் ஓடட்டும் என்ற தேர்வை அணையுங்கள். எட்ஜில் சிஸ்டம் அண்ட் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் அதே தேர்வோடு ஸ்டார்ட்அப் பூஸ்ட் என்பதும் இருக்கும். எட்ஜை அதிகம் திறக்காதவர்களுக்கு இரண்டுமே வேண்டாம்.

பட்டியலில் இல்லாத புரோகிராம்கூட ரீஸ்டார்ட்டுக்குப் பின் தானே திறந்தால், செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் போய்ப் பாருங்கள். முன்பு திறந்திருந்த ஆப்களைச் சேமித்து மறுபடி திறக்கும் தேர்வு அங்கே இருக்கிறது.

டாஸ்க் மேனேஜருக்கு வெளியே

சர்வீசஸ் என்று ஸ்டார்ட் மெனுவில் தேடித் திறந்தால் ஆட்டோமேட்டிக் என்று குறித்த சேவைகளைப் பார்க்கலாம். மைக்ரோசாஃப்ட் சேவைகளைத் தொடவே வேண்டாம். அவற்றை வடிகட்ட, சிஸ்டம் கான்ஃபிகரேஷனைத் திறந்து சர்வீசஸ் பகுதியில் ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ் என்பதை டிக் செய்யுங்கள். அந்த டிக் இல்லாமல் டிசேபிள் ஆல் அழுத்தினால் பின் எண்ணோ கைரேகையோ கொடுத்து உள்ளே நுழையவே முடியாமல் போகலாம். மிஞ்சியவற்றில் அப்டேட் செய்வதற்கென்றே இருக்கும் வெளி நிறுவனச் சேவைகளை டிசேபிள் செய்யாமல், சர்வீசஸில் ஆட்டோமேட்டிக் டிலேய்டு ஸ்டார்ட் என்று மாற்றுங்கள். மற்ற சேவைகள் எழுந்து ஏறத்தாழ 2 நிமிடம் கழித்து அவை தொடங்கும். பாதுகாப்பு அப்டேட்டும் நிற்காது, காலை நெரிசலும் குறையும்.

குறித்த நேரத்தில் பணிகளைத் தொடங்கும் டாஸ்க் ஷெட்யூலரில், அட் லாக் ஆன் என்ற டிரிகர் கொண்ட, அதாவது உள்ளே நுழைந்ததும் ஓடும் பணிகளையும் ஒருமுறை பாருங்கள். எல்லா இடங்களையும் ஒரே சாளரத்தில் பார்க்க மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோரன்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ் கட்டாயம் போடுங்கள். டிலீட் வேண்டாம், டிக்கை எடுப்பது மட்டும் போதும். மஞ்சள் நிற வரிகள், கோப்பே இல்லாத செத்த பதிவுகள்.

பட்டியலில் வெறும் புரோகிராம் என்ற பெயரில், ஐகானும் நிறுவனப் பெயரும் இல்லாமல் ஒரு வரி தெரிந்தால் பயப்பட வேண்டாம். புரோகிராம் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருக்கிறது. பாதையை மேற்கோள் குறிக்குள் எழுதாத மென்பொருள் நீக்கப்பட்ட பின், இடைவெளி வரை உள்ள முதல் சொல் மட்டும் பெயராக மிஞ்சுகிறது. ஆனால் கமாண்ட் லைனில் டபிள்யூஸ்கிரிப்ட் அல்லது பவர்ஷெல் என்று தொடங்கி, ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் ஏதோ ஒரு ஸ்கிரிப்டை அழைக்கும் வரி இருந்தால் எச்சரிக்கை தேவை. பென் டிரைவில் கோப்புகளை மறைத்து ஷார்ட்கட்டாக மாற்றும் வைரஸ்கள் இப்படித்தான் தங்கும். டிசேபிள் செய்து, விண்டோஸ் செக்யூரிட்டியில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள்.

செய்யக் கூடாதவை

சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் புராசசர் எண்ணிக்கையைக் கூட்டினால் வேகம் வரும் என்று பல காணொளிகள் சொல்கின்றன. அந்தத் தேர்வு சோதனைக்காக எண்ணிக்கையைக் குறைக்க மட்டுமே உதவும். டிக் இல்லாதபோது விண்டோஸ் எல்லாவற்றையும் பயன்படுத்தத்தான் செய்கிறது. ப்ரீஃபெட்ச் ஃபோல்டரை அழிப்பதும் கெடுதல். எந்தக் கோப்பு எப்போது வேண்டும் என்ற குறிப்பு அங்கேதான் இருக்கிறது, அழித்தால் அடுத்த தொடக்கம் இன்னும் மெதுவாகும். ஸ்டார்ட்அப் புரோகிராம்களுக்கு முன் விண்டோஸ் விடும் சிறு இடைவெளியை ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) பூஜ்யமாக்கும் யோசனையும் ஹார்ட் டிஸ்க் கணினிக்கு ஆகாது. டெஸ்க்டாப் எழும் அதே நேரத்தில் எல்லாம் டிஸ்க்கில் மோதும்.

எல்லாம் செய்தும் மெதுவாக இருந்தால்

டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸில் டிஸ்க் வகை எச்டிடி, அதாவது ஹார்ட் டிஸ்க், என்று இருக்கிறதா பாருங்கள். நிமிடத்துக்கு 5400 சுற்று வேகமுள்ள ஹார்ட் டிஸ்க்கில் படிக்கும் முனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவ ஒவ்வொரு முறையும் 10 மில்லி நொடிக்கு மேல் ஆகிறது. நொடிக்கு நூறு தாவல்கூடச் சிரமம். தொடக்கத்தில் விண்டோஸ் கேட்பதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வகை டிஸ்க்கில் தாவலே இல்லை. பட்டியலை எவ்வளவு சுருக்கினாலும் அந்த வேறுபாட்டை ஈடுகட்ட முடியாது. 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் ரேமைக் கூட்டுவதைவிட முதலில் எஸ்எஸ்டிக்குச் செலவழிப்பது நல்லது. பணம் மிஞ்சினால் 8 ஜிபி.

மாற்றுவதற்கு முன் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பழைய டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். குட் என்று இருந்தால் அப்படியே குளோன் செய்யலாம், அதாவது முழு டிஸ்க்கையும் புதியதற்கு நகலெடுக்கலாம். காஷன் அல்லது பேட் என்று காட்டினால் தாமதத்துக்குக் காரணம் புரோகிராம்களாக இல்லாமல் டிஸ்க்கே கெட்டுக்கொண்டிருப்பதாக இருக்கலாம். அப்போது ஸ்டார்ட்அப் வேலையை நிறுத்திவிட்டு, புகைப்படங்களையும் கணக்குக் கோப்புகளையும் வேறு டிஸ்க்குக்கு உடனே நகலெடுங்கள். திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்து அளப்பதும் வேண்டாம்.