டிக்ரி கையில் இருக்கிறது, பணம் வரவில்லை: இ.பி. போடும் முறை

கடனாளி பணம் தர வேண்டும் என்று கோர்ட் டிக்ரி, அதாவது தீர்ப்பாணை, கொடுத்ததோடு பணம் தானாக வந்துவிடாது. நிறைவேற்று மனு, அதாவது இ.பி., போட்டால்தான் அடுத்த வேலை நகரும். டிக்ரி தேதியிலிருந்து 12 வருஷம் வரை போடலாம். அதை நம்பி ஆறப்போடாதீர்கள். 2 வருஷம் கடந்துவிட்டால் பொதுவாகக் கடனாளிக்கு முதலில் நோட்டீஸ் போக வேண்டும். நிலத்தை மச்சினன் பேருக்கு எழுதிவைக்க அந்த இடைவெளியே போதும்.

மனு எழுதும் முன் சொத்தைத் தேடுங்கள். இ.பி. தோற்பது பெரும்பாலும் இங்கேதான். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கிராமம், சர்வே எண், உட்பிரிவு, நான்கு எல்லை இவற்றில் ஒன்று பிசகினாலும், ஜப்தி செய்ய வரும் கோர்ட் ஊழியரான அமீனா எந்த வயலை ஜப்தி செய்வார்? "ஆற்றுப்பாசன நஞ்சை" என்று மட்டும் எழுதினால் மனு திரும்பி வரும். சொத்து என்ன இருக்கிறது என்றே தெரியாவிட்டால், கடனாளி தன் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி கேட்கலாம். உத்தரவை மீறினால் 3 மாதம் வரை சிவில் சிறை உண்டு.

டிக்ரி அம்பாசமுத்திரத்தில், சொத்து தென்காசியில் என்றால், டிக்ரி தந்த கோர்ட்டில் டிரான்ஸ்மிஷன் மனு, அதாவது டிக்ரியைத் தென்காசி கோர்ட்டுக்கு அனுப்பக் கேட்கும் மனு, போடுங்கள். டிக்ரி நகலோடு, இன்னும் வசூலாகவில்லை என்ற சான்றும் அங்கே போக வேண்டும். ஆள் மும்பையில் குடியேறியிருந்தாலும் இதே வழிதான்.

தொகையைக் கணக்கிடும்போது டிக்ரியில் எழுதிய வட்டிதான் கணக்கு, புரோநோட்டில் இருந்த வட்டி அல்ல. அசல் 3,00,000, டிக்ரிப்படி 6 சதவீதம் என்றால் 4 வருஷத்துக்கு 72,000, அதோடு செலவுத்தொகை. இடையில் கைக்கு வந்த பணத்தை மறைக்காமல் காட்டுங்கள். கடனாளிகளுக்கும் ஒன்று: கோர்ட்டுக்கு வெளியே கொடுத்த பணத்தை 30 நாளுக்குள் மனுப் போட்டுக் கோர்ட்டில் பதிவு செய்யாவிட்டால், பிறகு அதைச் சொல்லித் தப்ப முடியாது.

கடனாளி சம்பளக்காரர் என்றால் சம்பளத்தில் பிடிப்பதே சுலபமான வழி. முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் அவருக்கு. இதற்குக் கணக்கில் எடுக்கும் சம்பளம் 31,000 என்றால் மாதம் 10,000 பிடிக்கலாம். ஒரே டிக்ரிக்கு 24 மாதம்தான். அதற்குமேல் பிடிக்க முடியாது. பி.எஃப்., அரசு ஓய்வூதியம், சமையல் பாத்திரம், தொழில் கருவி, உழவு மாடு, விதை நெல், விவசாயி தானே குடியிருக்கும் வீடு இவற்றைத் தொட முடியாது.

கைது கேட்பதைக் கடைசியாக வையுங்கள். வெறும் வறுமைக்காக உள்ளே வைக்கக் கூடாது என்று 1980-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வசதி இருந்தும் கொடுக்கவில்லை, அல்லது சொத்தை ஒளித்தார் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். பணக் கடனுக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது.

நிலம் ஜப்தியானால், உத்தரவு நகல் சார்பதிவாளர் அலுவலகம் போய் வில்லங்கத்தில் ஏறியதா என்று நீங்களே பாருங்கள். ஏல அறிவிப்புக்கும் ஏலத்துக்கும் இடையே குறைந்தது 15 நாள் வேண்டும். 2 லட்சக் கடனுக்கு 3 ஏக்கர் நஞ்சை முழுவதையும் ஏலத்தில் விடாதீர்கள். கடனுக்குத் தேவையான பகுதியை மட்டும் விற்க வேண்டும் என்பது சட்டம். மீறி நடந்த ஏலங்கள் ரத்தாகியிருக்கின்றன. ஏலம் எடுத்தவர் 25 சதவீதத்தை உடனே கட்ட வேண்டும், பாக்கியை 15 நாளுக்குள். நீங்களே ஏலம் கேட்க நினைத்தால் முன்கூட்டிக் கோர்ட் அனுமதி வாங்குங்கள். ஏலம் முடிந்த 60 நாளுக்குள் கடன் தொகையையும், ஏலத் தொகையில் 5 சதவீதத்தையும் கட்டி, கடனாளி நிலத்தை மீட்க மனுப் போடலாம்.