குவார்க்-குளுவான் பிளாஸ்மா: முதல் முடிவுகளைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

அணுக்கருக்களை அதிவேகத்தில் மோதவிட்டால், அவற்றின் புரோட்டான்களும் நியூட்ரான்களும் உருகி, அவற்றுக்குள் இருக்கும் குவார்க்குகளும் அவற்றை ஒட்டவைக்கும் குளுவான்களும் கலந்த ஒரு குழம்பாகிவிடும்; அதுதான் குவார்க்-குளுவான் பிளாஸ்மா. பெரும்பாலோர் முதலில் சறுக்குவது பெயரிலேயே. பிளாஸ்மா என்றதும் டியூப்லைட்டுக்குள் இருப்பது போன்ற ஒரு வாயுவை நினைத்துவிடுகிறோம். இயற்பியலாளர்களில் பலரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். அமெரிக்காவில், புரூக்ஹேவன் ஆய்வகத்தின் ‘ரிக்’ மோதுவியில் (கருக்களை வேகமாக ஓடவிட்டு மோதவைக்கும் இயந்திரம்) 2000-ல் தங்க அணுக்கருக்களை மோதவிட்டபோது வேறு மாதிரி நடந்தது. இரண்டு கருக்கள் சற்று விலகி மோதினால், ஒன்றின்மேல் ஒன்று படியும் பகுதி பாதாம் பருப்பு வடிவில் இருக்கும். உள்ளே இருப்பது வாயு என்றால், துகள்கள் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய சமமாகச் சிதற வேண்டும். ஆனால் பாதாமின் குட்டையான அச்சு இருக்கும் திசையில்தான் அதிகம் பாய்ந்தன. அழுத்தம் தள்ளத் தள்ள ஒன்றாகச் சேர்ந்து ஓடும் திரவத்தின் குணம் அது. பாகுத்தன்மை மிக மிகக் குறைந்த திரவம் என்று 2005-ல் அறிவித்தார்கள்.

அடுத்தது, பிளாஸ்மாவை ‘நேரில் பார்த்தார்கள்’ என்று எழுதுவது. அது ஒரு நொடியில் கோடி கோடியில் ஒரு பங்கு நேரம்கூட நிலைப்பதில்லை. கருவியில் பதிவது அது குளிர்ந்த பிறகு பறந்துவரும் சாதாரணத் துகள்கள்தான். மற்றதெல்லாம் அதிலிருந்து ஊகித்து அறிவது.

அதனால்தான் ஒரே தடயத்தை நம்பி முடிவுகட்டக் கூடாது. மோதலில் தெறிக்கும் இரண்டு குவார்க்குகள் எதிரெதிர்த் திசையில் ஆளுக்கொரு துகள் பீச்சலாக வெளிவர வேண்டும். தங்கம்-தங்கம் மோதலில் ஒரு பக்கத்துப் பீச்சல் காணாமல் போனது. பிளாஸ்மா விழுங்கிவிட்டதா, அல்லது தங்கக் கருவுக்குள் முன்பே ஏதாவது மாறியிருந்ததா? சரி, பிளாஸ்மா உருவாக வாய்ப்பில்லாத மோதலைப் பார்ப்போம் என்று 2003-ல் தங்கத்தோடு டியூட்டிரானை (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் மட்டுமே கொண்ட சின்னக் கரு) மோதவிட்டார்கள். இரண்டு பீச்சல்களும் பத்திரமாக வந்தன! ஆக, முன்பு ஒன்றை விழுங்கியது பிளாஸ்மாதான், தங்கக் கரு அல்ல. ‘எதுவும் மாறவில்லை’ என்பதால் இந்தச் சோதனையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்தது இதுதான். இது இல்லாமல் முந்தைய முடிவுக்கு அர்த்தமே இல்லை.

வெப்பநிலை நாலு லட்சம் கோடி டிகிரி என்றதும் பயப்படவும் வேண்டாம். ஒரு அணுக்கரு அளவு இடத்துக்குள் அடங்கும் சூடு அது. ஒரு மோதலின் மொத்த ஆற்றல், பறக்கும் நாற்பது கொசுக்களின் இயக்க ஆற்றல் அளவுதான்.

அப்புறம், ரிக்கையும் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். செர்னின் பெரிய ஹேட்ரான் மோதுவியில் ஈயக் கருக்கள் மோதியது 2010 நவம்பரில். ஆற்றல் ரிக்கைப்போல கிட்டத்தட்ட 14 மடங்கு. அங்கேயும் பிளாஸ்மா திரவமாகவே ஓடியது.