தகரக் கூரை ஜிம்மில் புழுக்கம் போன கதை

மதுரையில் ஒரு மொட்டை மாடியில், தகர ஷீட்டுக்குக் கீழே ஜிம் நடத்துகிறேன். சித்திரை மதியத்தில் டம்பெல்லைத் தொட்டாலே சுடும். சரி என்று ஏர் கூலர் வாங்கி, கதவு ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு ஓட்டினால், ஒரு மணி நேரத்தில் உள்ளே குளியலறை மாதிரி ஈரம், யாருக்கும் வியர்வை காயவே இல்லை. கூலருக்கு வெளிக்காற்று வேண்டும், ஈரக்காற்று வெளியேற வழியும் வேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது. எக்சாஸ்ட் ஃபேனோ வாசலுக்கு நேர் மேலே இருந்ததால், கதவைத் திறந்து வைத்தாலும் அது வழியாக வந்த காற்றையே இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது (இடம் காட்டியது நான்தான்). அதைக் கழற்றி எதிர்ச்சுவரில் கூரையை ஒட்டி மாட்டினேன், கூலரை இந்தப் பக்க ஜன்னலுக்கு வெளியே வைத்தேன். ஷீட்டின் மேல் வெள்ளை கூலிங் பெயிண்ட் இரண்டு கோட். ஏசி வாங்கவில்லை. மழை நாளில் மட்டும் கூலரின் தண்ணீர் பம்ப்பை நிறுத்திவிட்டு வெறும் ஃபேனாக ஓட்டுகிறேன்.